அத்தாயியின் காடும் நிற்காத நெருப்பும்

அந்தக் காலத்தில் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்குள் நுழைந்து அத்தாயி வீடு எது என்று கேட்டால், யாரும் உடனே கை காட்ட மாட்டார்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களையும் ஏச்சுப்புட்டாளா?" என்றுதான் கேட்பார்கள்.

கேட்டதில் தப்பில்லை. மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவர்களிடம், "எங்க ஊட்டுல கொசுவே இல்லீங்க, எல்லாம் கூண்டோட ஊர்க்கவுண்டர் ஊட்டுக்குக் குடி போயிருச்சுங்க" என்று சொல்லி, அந்த மனிதர் வீட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை மருந்தடிக்க வைத்தவள் அவள். மிளகு வாங்க வந்த கீழ்நாட்டு வியாபாரி ஒருவருக்குக் குறுக்கு வழி சொல்லி அனுப்பினாள். அவர் பகல் முழுக்க நடந்து, ஏறி, இறங்கி, கடைசியில் அவள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார். அவரை முன்பின் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு, "எந்தூருங்க? ரொம்பக் களைச்சு வாரீங்களே" என்று விசாரித்து, களியும் கீரையும் போட்டு அனுப்பினாளாம். வியாபாரி அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன், பெயர் காளியண்ணன், லேத் பிட்டர். அத்தாயி என்னை ஒரு முறைகூட ஏமாற்றியதில்லை. என்னிடம் உண்மையைத்தான் சொன்னாள். அதில்தான் நான் அதிகம் மாட்டிக்கொண்டேன்.

அறுபத்து நான்காம் வருஷம் தை மாதம் நாங்கள் மலை ஏறினோம். நாங்கள் என்றால் நானும் அர்த்தனாரி சாரும். சார் கீழே ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். அவர் மண்டைக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஒரு குழாய்க்குள் காற்று, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்போது, அதற்குள் ஹைட்ரஜன் வாயுவை விட்டு எரிய வைக்க முடியுமா? இதைத் தவிர வேறு எதையும் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கல்யாணம் ஆன கதையே, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் செய்துகொண்டார் என்பது போலத்தான் இருக்கும்.

ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளக் காத்துக்கிடக்கிற வாயு. ஒரு பொறி போதும். ஆனால் அந்த வேகக் காற்றில், பற்றுவதற்குள் வாயு குழாயின் மறுமுனை வழியாக வெளியே போய்விடும். "ஓடற லாரி மேல நின்னுக்கிட்டு பீடி பத்த வைக்கற மாதிரி காளியண்ணா" என்றார் சார். "கையைக் குவிச்சுப் பிடிச்சாப் பத்துமுங்க சார்" என்றேன். படிக்காதவன் வாயைத் திறக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். நான் சொன்னதை அன்றைக்கே அவர் கொஞ்சம் யோசித்திருந்தால், இந்தக் கதையே நடந்திருக்காது.

கல்லூரியில் முதல் தடவை குழாயைத் திறந்தபோது எழுந்த சத்தத்தில் முதல்வர் வீட்டு ஜன்னல் கண்ணாடி மூன்று விரிசல் விட்டுவிட்டது. "யாருக்கும் காது வலிக்காத இடமாப் பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டார்கள். சார் கொல்லிமலையைப் பார்த்தார். பாதி தூரம் ஜீப்பில், மீதி தூரம் நாலு ஆள் காவடி கட்டி, காற்று அடைக்கிற இரும்பு உருளைகளையும், கம்ப்ரசரைக் கழற்றிய துண்டுகளையும், ஹைட்ரஜன் உருளைகளையும் மேலே கொண்டு போனோம். சமதளமாக ஒரு நிலம் வேண்டும், பக்கத்தில் ஓடை வேண்டும், குழாய் கக்குகிற காற்றை வாங்கிக்கொள்ள எதிரில் ஒரு பெரிய பாறை வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தது அத்தாயி காட்டில். காடு என்றால் மரக்காடு இல்லை. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்தை அங்கே காடு என்பார்கள்.

ஊர்க்கவுண்டர் அத்தாயி புருஷன் சின்னானைக் கூப்பிட்டுக் கேட்டார். சின்னான் "சரிங்க" என்றார். சரிங்க என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐம்பது வயது வரை ஓட்டிவிட்ட மனிதர் அவர். அத்தாயி அப்போது ஊரில் இல்லை. தை நோன்புக்குத் தேவனூர் நாட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள், தன் காட்டில் நிற்கிற தகரக் கொட்டகையையும், புதிதாகப் போட்ட சிமென்ட் மேடையையும், அதன்மேல் நீளமாகக் கிடக்கிற இரும்புக் குழாயையும் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இங்க ஆருங்க செத்துப்போனது?"

"யாரும் சாகலையே. ஏன்?"

"இல்ல, சமாதி கட்டியிருக்கீங்களே, அதான் கேட்டேன்."

சார் வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையிலேயே நல்ல மனிதர், கேட்டுத்தான் செய்தோம் என்று நினைத்திருந்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் குழாய்க்குள்ள நெருப்பு ஒரு தடவை நின்னுருச்சுன்னாப் போதும், நாங்க கெளம்பிருவோம்" என்றார்.

"எப்பங்க நிக்கும்?"

"ஒரு மாசம்."

"வைகாசியில சாமை வெதைக்கோணும். அதுக்குள்ள நின்னுருமுங்களா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுரும்."

அவர்களுக்கு இருந்த சமக்காடு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சரிவு, மரவள்ளிக்குத்தான் ஆகும். பானையில் இருக்கிற சாமை ஆடி வரைக்கும் தாங்கும். இந்த வைகாசியில் விதை விழாவிட்டால் அண்ணன் வீட்டு வாசலில் போய் முறத்தோடு நிற்க வேண்டும். "அதுக்கு நான் இந்தப் பாறையில இருந்து குதிச்சுப் போயிருவேன்" என்றாள். அவள் பேசி நான் கேட்டதில், சிரிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்து நின்றாள். "நான் கூட நின்னு பாத்தாத்தான் நீங்க வெரசாக் கெளம்புவீங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பெருக்குவது, ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, குழாயின் உட்புறத்தைத் துணி வைத்துத் துடைப்பது என்று ஆரம்பித்தாள். ஒரு மாதத்துக்குள் எங்கள் இருவரையும் அவள்தான் மேய்த்தாள்.

ஹைட்ரஜன் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் வாயுக் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்து, அதில் எப்படியோ தீப்பற்றி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. கையை நீட்டினேன். முழங்கை வரை முடி பொசுங்கிவிட்டது. நான் குதித்த குதியைப் பார்த்து அத்தாயி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, போய் ஒரு நீளமான சீமாற்றை எடுத்து வந்தாள். மலைப்புல்லில் கட்டிய துடைப்பம். அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இணைப்பு இணைப்பாக நடந்தாள். ஓரிடத்தில் புல் நுனி தானாகவே பற்றிக்கொண்டது.

"இந்தாங்க உங்க நெருப்பு. கண்ணுக்குத் தெரியலைன்னாலும் சீமாத்துக்குத் தெரியுது பாருங்க."

சார் அசந்துபோனார். அன்றிலிருந்து தினம் காலையில் அத்தாயி துடைப்பத்தோடு ஒரு சுற்று வந்த பிறகுதான் வேலை தொடங்கும். சார் நின்ற நிலையில் ஏதாவது யோசித்துக்கொண்டிருந்தால் துடைப்பத்தை அவர் முதுகுப் பக்கம் நீட்டி, "சாரு, உங்க கிட்ட ஏதாச்சும் எரியுதான்னு பாத்துக்கறேனுங்க" என்பாள். அவர் அலறி அடித்துக்கொண்டு நகர்வார். ஒரு தடவைகூட அவர் சுதாரித்ததில்லை.

எங்கள் வேலை இப்படித்தான். பகல் முழுக்கக் கம்ப்ரசர் ஓடி உருளைகளில் காற்றை அடைக்கும். சாயங்காலம் மணல் மூட்டைக்குப் பின்னால் நாங்கள் மறைந்துகொள்வோம். வால்வைத் திறந்தால் ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியில் மலையே கிழிகிற மாதிரி சத்தம் வரும். குழாயின் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதை எதிரில் வைத்த முகம் பார்க்கிற கண்ணாடி வழியாகச் சார் பார்ப்பார். வெப்பம் காட்டுகிற முள் ஒன்று உண்டு, அதை நான் பார்ப்பேன். முள் அசையவே அசையாது. ஏழு விநாடி முடிந்ததும் மணல் மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து அத்தாயி குரல் வரும். "நின்னுதுங்களா?"

நிற்கவில்லை. மாசி போய்ப் பங்குனியும் போனது. நிற்கவே இல்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள், அவள் சாரிடம் போய், "நெருப்பு சரியா எந்த எடத்துலீங்க நிக்கோணும்?" என்று கேட்டாள். அதுவரை யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. சாருக்கு வாயெல்லாம் பல். குழாயின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்த நேரம் அது. உள்ளே வாயு வருகிற துளையைக் காட்டி, அதற்குப் பக்கத்தில் குழாயின் உள்தரையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதோ, இந்த இடத்துல நின்னுட்டாப் போதும்" என்றார். அத்தாயி குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் தகட்டை மூடி எட்டு போல்ட்டையும் முடுக்கினேன். மூடுவதற்கு முன் உள்ளே பார்க்க வேண்டியது என் பொறுப்பு. பார்க்கவில்லை. பசி. கண்ணாடி ஜன்னலுக்கும் தூசு படாமல் துணி போட்டிருந்தோம். கம்ப்ரசரை ஓட விட்டேன், அரை மணியில் அதன் வால்வு உடைந்தது. கீழேயிருந்து ஆள் நடந்து புது வால்வு கொண்டுவர ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் சாயங்காலம் துணியை எடுத்துவிட்டு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை, சட்டைப் பையில் வைத்திருந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தேன்.

வால்வு திறந்தது. முள் எழுந்து நின்றது.

நான் கடலையைக் கீழே போட்டேன். சார் கத்துகிறார், சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், ஜன்னலுக்குள் மஞ்சளாக ஒரு நெருப்பு, பென்சில் கோடு போட்ட அதே இடத்தில், அசையாமல் நிற்கிறது. ஏழு விநாடியும் நின்றது. காற்று ஓய்ந்ததும் சார் மணல் மூட்டையைத் தாண்டிக் குதித்தார். குதித்து ஓடியவர் பாதி வழியில் நின்றார்.

"காளியண்ணா, ஏன் மஞ்சளா இருக்கு? ஹைட்ரஜன் மஞ்சளா எரியாதே."

"எந்தக் கலர்ல எரிஞ்சா என்னங்க சார், நின்னுருச்சுல்ல."

"ஏதோ வாசம் வேற வருது."

அதற்குள் அத்தாயி வந்துவிட்டாள். "நின்னுதுங்களா?"

"நின்னுது அத்தாயி, நின்னுது!"

"அப்ப என்னைக்குக் காட்டை உடுவீங்க?"

"இன்னும் ரெண்டே தடவை இதே மாதிரி நின்னுட்டா..."

"ஒருக்கா நின்னாப் போதும்னுதான சொன்னீங்க?"

சார் காதில் அது விழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். நான் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், முள் காட்டிய அளவைச் சாரிடம் சொல்ல ஓடினேன். குழாயை அத்தாயி துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாழை இலைத் துண்டில் எதையோ உடைத்து எடுத்து வந்தாள்.

"சாமி மாவுங்க. ஒரு வேண்டுதல் வெச்சிருந்தேன், முடிஞ்சுது. தின்னுங்க."

தினைமாவில் வெல்லமும் தேனும் போட்டுப் பிசைந்த மாவிளக்கு. கல்லாக இறுகியிருந்தது. கடித்ததில் எனக்கு ஒரு பல் ஆடியது. சார் எழுதிக்கொண்டே நாலு துண்டு தின்றார். "கொஞ்சம் கருகின வாசம் வருது. ஆனா நல்லாருக்கு" என்று சொல்லி, இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றார்.

அதற்குப் பிறகு நெருப்பு நிற்கவில்லை.

பதினோரு தடவை முயன்றோம். சார் வாயுவின் அளவைக் கூட்டினார், குறைத்தார். பொறி போடுகிற ப்ளக்கை மாற்றினார். கணக்கு முழுவதையும் முதலிலிருந்து போட்டார். தாடி வளர்ந்தது. ஒரு நாள் என்னிடம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். தகரக் கொட்டகை போதாது, கல் கட்டடம் வேண்டும், உருளைகள் இன்னும் இருபது வேண்டும், காடு முழுவதும் வேண்டும். "ஒரு தடவை நின்னுருக்கு காளியண்ணா. ஏன் நின்னுதுன்னு தெரியாம நான் எப்படிப் போவேன்? ரெண்டு வருஷம் ஆனாலும் சரி." காட்டின் நாலு மூலையிலும் முளைக்குச்சி அடிக்கச் சொன்னார். அடித்தேன். எனக்குச் சம்பளம் தருகிறவர் அவர்.

மறுநாள் சார் நாடா பிடித்து அளந்தால், கட்டடம் சரியாக ஓடைக்கு நடுவில் வந்தது. இரண்டு தரம் அளந்தும் அப்படியே வந்தது. முளைக்குச்சிகளை யார் நகர்த்தினார்கள் என்று நான் சாருக்குச் சொல்லவில்லை. அவர் குழம்பி உட்கார்ந்திருந்ததை அத்தாயி பார்த்தாள், ஆனால் சிரிக்கவில்லை. அது எனக்கு என்னவோ செய்தது. சித்திரை முடிய ஆறு நாள்தான் இருந்தது. சின்னான் விதைச் சாமையை வெயிலில் காய வைத்து மறுபடி எடுத்துக் கட்டியிருந்தார்.

"அன்னைக்கு ஒரு வாசம் வந்துச்சே காளியண்ணா" என்றார் சார். "வெல்லம் காயற மாதிரி."

அன்று நாங்கள் தின்ற மாவிலும் அந்த வாசம். கருகின வாசம். ஆடிக்கொண்டிருந்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். நேராக அத்தாயி வீட்டுக்குப் போனேன். அவள் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்த மாவிளக்கை எங்க வெச்சீங்க?"

"கொழாய்க்குள்ளதான். சாரு பென்சில்ல கோடு போட்டாரே, அந்த எடத்துல. வெளக்கேத்திக் கும்புட்டுட்டு வந்தேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. வேண்டுதல் மாவை வெச்ச எடத்த வெச்சவளா வெளிய சொல்லக் கூடாது. நடந்து முடியற வரைக்கும் எடுக்கவும் கூடாது. முடிஞ்சதும் ஒடைச்சுக் குடுத்துரோணும். எங்க ஊட்டு வழக்கம் அது."

"எப்படி எடுத்தீங்க?"

"ஒட்டிக்கிட்டு வரவே இல்லீங்க. உங்க ஸ்பேனர்லதான் தட்டி எடுத்தேன்."

அங்கேயே முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள் மூடிய குழாய்க்குள் காய்ந்து கல்லான மாவுருண்டை. அத்தனை வேகக் காற்றையும் அது முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது. அதை நாங்கள் உடைத்துத் தின்றுவிட்டோம். சாரிடம் சொன்னால் முதலில் என் சீட்டுத்தான் கிழியும், உள்ளே பார்க்காமல் மூடியவன் நான். அத்தாயி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "நீங்க ஏனுங்க பயப்படறீங்க? நானே சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

சார் கொட்டகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாரு, அன்னைக்கு உங்க நெருப்பு எதனால நின்னுதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

சார் நிமிர்ந்தார். "எதனால?"

"நீங்க தின்னீங்களே, அதனால."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் வந்தது. ஓடுகிற குழாய்க்குள் ஒரு பொருளை வைப்பது என்ன விளையாட்டா, அது பிய்த்துக்கொண்டு பறந்திருந்தால் யார் தலையாவது போயிருக்குமே என்று சத்தம் போட்டார். எனக்கும் சேர்த்தே விழுந்தது. அத்தாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சார் மெல்ல உட்கார்ந்தார். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"நாலு துண்டு தின்னேனே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிக்க, அத்தாயி சிரிக்க, கடைசியில் சாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மஞ்சள் நிறம் மாவிலிருந்தும் வெல்லத்திலிருந்தும் வந்தது என்றார். ஒரு மேடு இருந்தால் அதன் மறைவில் காற்று வேகம் குறைந்து சுழலும், நெருப்பு அங்கே ஒண்டிக்கொண்டு, தாண்டிப் போகிற வாயுவை ஓயாமல் பற்ற வைக்கும் என்று விளக்கினார். பீடிக்குக் கை குவிக்கிற விஷயத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

"அத்தாயி, இன்னொரு தடவை அதே மாதிரி வெச்சுத் தாங்க" என்றார்.

"முடியாதுங்க."

"ஏம்மா?"

"கேட்டதைச் சாமி குடுத்துருச்சு. மறுக்கா அதையே போய்க் கேட்டா, மொதல்ல குடுத்ததை நம்பலையான்னு கேக்குமுங்க."

சார் கெஞ்சினார். அவள் அசையவில்லை. தன் காட்டுக்காகக்கூட அசையவில்லை. வெளியே வந்து முளைக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஈரமாவோடு வந்தாள். "இது வேண்டுதல் மாவு இல்லீங்க. கும்புடவும் இல்ல, வெளக்கேத்தவும் இல்ல. சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன், இது உனக்கில்ல, இரும்புக்குன்னு." உருட்டி, தட்டி, மேலே கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தித் தந்தாள். மாவை நம்பி இனிமேல் குழாயைத் திறக்க முடியாது, இதே அளவில் பித்தளையில் செய் என்றார் சார்.

லேத்துக்காரனுக்குத் தன் வேலையில் ஒரு திமிர் உண்டு. நான் அந்த உருண்டையைப் பார்த்து, கொட்டகையில் இருந்த சின்ன லேத்தில், பளபளவென்று, மேலே மழமழப்பாக ஒரு பித்தளைத் திண்டு கடைந்து வைத்தேன். குழியெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் முள் அசையவில்லை. அத்தாயி திண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குழி எங்கீங்க பிட்டரு?"

"குழி எதுக்கு? நெய்யா ஊத்தப் போறோம்?"

"குழி இல்லாத வெளக்குல நெருப்பு எங்கீங்க நிக்கும்?"

சார் என்னைப் பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்து அத்தாயியின் கட்டைவிரல் அகலத்தையும் நுனியின் வளைவையும் அளந்தார். அவளுக்கு வெட்கமும் சிரிப்புமாகப் போயிற்று. "நகத்தையும் எழுதிக்குங்க, அப்புறம் அதுக்கு வேற ஒருக்கா வராதீங்க" என்றாள். நான் திமிரை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குழியைக் கடைந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் முள் எழுந்து நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாளும் நின்றது. பித்தளை என்பதால் இந்தத் தடவை மஞ்சள் நிறம் இல்லை, ஜன்னலில் எதுவுமே தெரியவில்லை. "நெருப்பையே காணோம், நின்னுருச்சுங்கறீங்க?" என்று அத்தாயி சந்தேகமாகக் கேட்டாள். சார் முள்ளைக் காட்டி, படம் போட்டு, அரை மணி நேரம் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, நின்னுருச்சு. கெளம்புங்க" என்றாள்.

சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கொட்டகையைப் பிரித்தோம். சிமென்ட் மேடையை இரண்டு நாள் சம்மட்டியால் உடைத்தோம், சாரும் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார். கை கொப்பளித்தது. உடைந்த துண்டுகளைச் சின்னானும் அவளும் பொறுக்கி ஓடைக்கரையில் போட்டார்கள். வைகாசி முதல் மழை அன்றைக்கே பெய்தது. மண் ஈரமாகிவிட்டது. மறுநாள் கடைசிச் சுமை கிளம்ப வேண்டும்.

அந்த மறுநாள் காலையில் சார் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அறிக்கையின் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருந்தார். "அத்தாயி, இங்க வாங்க. உங்க பேரும் இதுல வருது" என்றார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சார் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிப் படித்தார்.

"இந்த ஆராய்ச்சிக்குத் தம்முடைய நிலத்தை மனமுவந்து கொடுத்து உதவிய குண்டூர் நாட்டு அத்தாயி அம்மாளுக்கு எங்கள் நன்றி."

"இன்னொருக்கா படிங்க."

படித்தார்.

"நான் எப்பங்க குடுத்தேன்?" என்றாள்.

சார் தாளை மறுபடி பார்த்தார்.

"மாவு குடுத்தேன், அதை எழுதலை. குழி வேணும்னு சொன்னேன், அதையும் எழுதலை. குடுக்காத காட்டைக் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு மாதம் அந்தக் காட்டில் நின்றவன் நான், முளைக்குச்சி அடித்தவனும் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. சார் அந்த வரியை அடித்தார்.

"நீங்க சொல்லுங்க. என்ன எழுதட்டும்?"

"கேக்காம எடுத்தோம், கேட்டதும் திருப்பிக் குடுத்தோம்னு எழுதுங்க."

"கேட்டதுமா?" என்று நான் வாய் விட்டுவிட்டேன். "நாலு மாசம் கேட்டீங்க அக்கா."

"அப்ப அதையும் எழுதுங்க."

சார் எழுதினார், அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே. மாவையும் குழியையும் சேர்த்து எழுதினார். அச்சில் அதெல்லாம் வந்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை, வரவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். எழுதி முடித்துப் படித்துக் காட்டலாம் என்று சார் நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை. விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டாள்.

கடைசி உருளையைக் காவடியில் தூக்கிக்கொண்டு, வழக்கமாகப் போகிற மாதிரி காட்டுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தோம். அந்தக் கோடியிலிருந்து ஒரே சத்தம்.

"ஏனுங்க, ஓரமாப் போங்க! வெதைச்சிருக்குது!"

நாங்கள் ஓரமாகப் போனோம்.